பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் வளர்ச்சியைக் காதால் பின்தொடர

டர்பனின் சாட்ஸ்வொர்த் வீட்டில் ஒரு ஞாயிறு மாலை போதும். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம், அதில் பேஸ் கிட்டார் காணாமல் போகும், ஹெட்ஃபோன் நல்லது.

எடுத்தவுடன் 1973-க்குத் தாவாதீர்கள். முதலில் 1967 ஆல்பம்: குழுவின் அப்போதைய பாடகர் சிட் பாரெட்டின் விசித்திரக் குட்டிப் பாட்டுகள். 1968-இல் அவர் விலகினார். கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் அதற்குச் சற்று முன்பே சேர்ந்திருந்தார். அடுத்து 1971-இன் 'எக்கோஸ்'. 23 நிமிடத்துக்கு மேல், எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க. நடுவில் நிறுத்தாதீர்கள், நீண்ட வடிவம் அவர்களுக்குக் கைகூடியது இங்கேதான்.

பிறகு 1973-இன் 'மணி'. கைத்தாளம் போட்டே கேளுங்கள். தாளம் ஏழு, மிஸ்ர சாபு பழகிய டர்பன் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சாக்ஸபோன் தனியும் ஏழிலேயே ஓடும். கிட்டார் தனியில் மட்டும் நான்குக்கு மாறும். அங்கேயும் ஏழையே எண்ணுவதால்தான் பலருக்குத் தாளம் நழுவுகிறது. கடைசி சரணத்தில் மறுபடி ஏழு.

1979-இன் 'அனதர் பிரிக் இன் த வால்' பாடலை அவசியம் சேருங்கள். 1980-இல் வகுப்புகளைப் புறக்கணித்த நம் தென்னாப்பிரிக்க மாணவர்கள் இதைப் பாட, நிறவெறி அரசு பாடலையே தடைசெய்தது.

பழைய எல்பிகளை நிமிர்த்தியே வையுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் உறைக்குப் பூஞ்சை பிடிக்கும், படுக்கவைத்து அடுக்கினால் தட்டு வளையும்.