அங்கோரா முயலைக் கண்காட்சிக்கு ஆயத்தப்படுத்தல்

அங்கோரா நீண்ட ரோமமுள்ள முயலினம். அதன் ரோமம் மாதத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் வளரும். இலங்கையின் வன்னியில் அந்தப் பாரத்தை முயல் தாங்கக்கூடிய காலம் மார்கழி தொடக்கம் மாசி வரைதான். புரட்டாதியில் ஒட்ட வெட்டிவிட்டால் மார்கழி முடிய 7 சென்ரிமீற்றர் வந்துவிடும். பங்குனி வெயில் ஏறியதும் திரும்பவும் வெட்டுங்கள். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் முழு ரோமத்தோடு இருக்கும் முயல் செத்துவிடக்கூடும்.

பலர் செய்யும் பிழை, தினமும் சீப்பால் வாருவது. ஒவ்வொரு வாரலுக்கும் நல்ல ரோமமும் சேர்ந்து கழன்று வரும். நடுவர் கைவைத்துப் பார்க்கும் அடர்த்தி அப்படித்தான் போகிறது. சீப்பை விடக் காற்றே நல்லது. சூடில்லாத காற்று அடிக்கும் புளோவரை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பிடியுங்கள். மேசையில் சாக்கு விரித்து முயலை இருத்தி, பின்புறத்திலிருந்து தொடங்குங்கள். காற்றுப் படும் இடத்தில் ரோமம் பூப்போல விரிந்து அடித்தோல் தெரிய வேண்டும். சிலந்தி வலை போல இழைகள் பின்னியிருந்தால் அது சிக்கின் தொடக்கம்; வலை கலையும் வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். முகத்துக்கும் காதுக்குள்ளும் காற்று வேண்டாம். செம்மண் தூசியும் இதோடேயே பறந்துவிடும். குளிக்க வார்க்கவே கூடாது. நனைந்த ரோமம் கம்பளி போல இறுகிவிடும், முயலும் பயத்தில் அதிர்ந்துபோகும்.

சிக்கு முதலில் விழும் இடங்கள் காதின் பின்புறம், தாடை, கமக்கட்டு, கவட்டுப் பகுதி. விரலால் நீளவாக்கில் பிரித்து, பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து வாருங்கள். பிரியாத கட்டியை அடியோடு குறுக்கே வெட்டாதீர்கள். முயலின் தோல் கடதாசி போல மெல்லியது, கட்டியோடு சேர்ந்து மேலெழும்பும், கத்தரி தோலையே வெட்டிவிடும். கட்டியை நீளவாக்கில் கீறிப் பிரியுங்கள். நாயுருவி முள்ளுக்கும் இதே முறைதான், அதனால் முற்றத்தில் அவிழ்த்து விடாதீர்கள்.

கூட்டின் அடி கம்பிவலையாக இருக்கட்டும், கால் புண்ணாகாமல் ஓரத்தில் ஒரு பலகையும் வையுங்கள். உமியும் வைக்கோல் துகளும் ரோமத்தில் ஏறும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் தாடை நனையும், போத்தல்தான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்புறம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். தினமும் தூக்கிப் பாருங்கள்.

முயலுக்கு வாந்தி வராது. நக்கி விழுங்கிய ரோமம் குடலை அடைக்கும். புழுக்கை மணிமாலை போல ரோமத்தில் கோர்த்து விழுந்தால் அது எச்சரிக்கை. காய்ந்த புல்லை எந்நேரமும் நிறையப் போடுங்கள். அரை நாள் தின்னாமல் இருந்தால் கண்காட்சியை மறந்து ரோமத்தை வெட்டி, மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

கண்காட்சிக்கு முதல் நாள் நகம் வெட்டி, காற்று மட்டும் பிடியுங்கள், சீப்பைத் தொடாதீர்கள். மெதுவாக இழுக்கும்போது கொத்தாகக் கழன்றால் ரோமம் உதிரத் தொடங்கிவிட்டது, அந்த முயலை விட்டு வேறொன்றை எடுங்கள். கண்காட்சிக்குப் போகும் ஏ9 நெடுவீதிப் பயணத்தை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் முயல் அதில் சாய்ந்து கிடக்கும்.