வான்கார்டா? முதலில் எடையைக் குறையுங்கள்

மாஸ் எஃபெக்ட் 3 வீடியோ கேமில் (2012) வான்கார்டாக, அதாவது எதிரிமேல் பாய்ந்து நெருங்கிச் சண்டையிடும் வீரராக, ஆடும்போது அடிக்கடி செத்துப்போகிறீர்களா? சுமக்கும் ஆயுதங்களைப் பாருங்கள். எடை ஏற ஏற, சார்ஜ் (எதிரிமேல் பாயும் திறன்) மறுபடி தயாராக அதிக நேரம் பிடிக்கும். இலகுவான துப்பாக்கி ஒன்றே போதும், மனசு வராவிட்டாலும் மற்றதைக் கழற்றிவிடுங்கள்.

சார்ஜில் பாய்ந்து மோதினால் பேரியர் (உங்களைக் காக்கும் கவசம்) ஏறும். நோவா (தரையைக் குத்திச் சுற்றியிருப்பவர்களைத் தாக்கும் திறன்) அடித்தால் அதே பேரியர் கரையும். அதனால் சார்ஜ், நோவா, உடனே அடுத்தவன்மேல் சார்ஜ். நடுவில் நின்று யோசித்தால் போச்சு! நோவாவின் 5-ஆம் நிலையில் பாதி பேரியரை மட்டும் செலவழிக்கும் மேம்பாட்டை எடுங்கள். பேரியர் நிறைந்திருந்தால் அடுத்தடுத்து இரண்டு முறை தரையைக் குத்தலாம், சுற்றி நிற்பவர்கள் சிதறுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த நொடி அது.

அப்புறம், பேன்ஷீ என்ற எதிரியிடம் மட்டும் பாயாதீர்கள். கிட்டே போனால் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கொன்றுவிடும். தள்ளி நின்றே சுடுங்கள்.