ரவுட்டர் ஆன் ஆகவில்லையா? முதலில் அடாப்டரைப் பாருங்கள்

வீட்டு வைஃபை ரவுட்டர் ஆன் ஆகவில்லை, அல்லது லைட்டெல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்றால், உடனே புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் பிரித்துப் பார்த்தவற்றில் பலவற்றில் ரவுட்டர் நன்றாகவே இருந்தது, அடாப்டர்தான் போயிருந்தது.

மல்டிமீட்டர் வைத்தேன், 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே என்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். வருடக்கணக்கில் இரவு பகலாகச் சூட்டில் கிடந்து அடாப்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோகும். சும்மா இருக்கும்போது 12 காட்டும், ரவுட்டர் கரண்ட் இழுக்க ஆரம்பித்ததும், அதுவும் வைஃபை ஆன் ஆகும் அந்த நேரத்தில், பொத்தென்று விழும், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். அதனால் லோடு கொடுத்து, அதாவது கரண்ட் இழுக்கும் ஒன்றை மாட்டி, அளக்க வேண்டும். பைக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றை ஒயர் வைத்து இணைத்துவிட்டு அளங்கள், சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். அப்போது 11-க்குக் கீழே போனால் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். (9 வோல்ட் அடாப்டருக்கு இந்த எண்கள் பொருந்தாது.) மாற்று வாங்கும்போது வோல்ட் அதே இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டரைப் பிரித்து ரிப்பேர் செய்யும் ஆசை வேண்டாம், உள்ளே ஷாக் அடிக்கும்.

அடாப்டர் நல்லதுதான் என்றால் எல்லா லேன் கேபிளையும் பிடுங்கிவிட்டுப் பவர் மட்டும் கொடுங்கள். இடி மின்னலில் ஒரு போர்ட் போனாலே மொத்த ரவுட்டரும் முடங்கலாம். ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், நடக்கும்.

அப்புறம் ரவுட்டருக்குள் இருக்கும் போர்டு. கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவு), அதே அல்லது கூடுதல் வோல்ட்டில் மாற்றலாம். பவர் கொடுத்த சில நொடியிலேயே ஒரு சிப் கை வைக்க முடியாமல் கொதித்தால் ஷார்ட், அது நம் வேலை இல்லை.

எனக்குப் பிடித்த கட்டம் சீரியல் போர்ட், ஆன் ஆகும்போது உள்ளே நடப்பதை ரவுட்டர் எழுத்தாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வழி. பல போர்டுகளில் நான்கு பின் அல்லது நான்கு ஓட்டை இருக்கும். அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் 3.3 வோல்ட் யூஎஸ்பி டிடிஎல் கேபிளில் கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) மூன்றை மட்டும் இணைத்து (டிஎக்ஸ் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு, நான்காவது பவர் பின்னைத் தொடவே வேண்டாம்) கம்ப்யூட்டரில் புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் 115200 வேகத்தில் திறந்தால், ரவுட்டரே தன் கதையைச் சொல்லும். யூ-பூட் (ரவுட்டரைத் துவக்கும் முதல் புரோகிராம்) என்ற வரி வந்துவிட்டால் பிராசசருக்கு உயிர் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், அதுவும் சிஆர்சி பிழை (பதிந்திருக்கும் தரவு சிதைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை) காட்டி நின்றால் பெரும்பாலும் ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் கெட்டிருக்கிறது, நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் டிஎஃப்டிபி வழியாக மறுபடி ஏற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் பவர் அல்லது ரேம். வேறு வேகங்களில் முயன்றும் ஒரு எழுத்துகூட வராவிட்டால், இப்போது புதிது வாங்கப் போகலாம்.