‘பாஸ்’ என்ற சொல்லை இடமறிந்து தமிழாக்குவது எப்படி?

மேலதிகாரியைக் குறிக்கும் ‘பாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறியாதவர் அரிது. ஆனால் அதைக் கண்ட இடமெல்லாம் ‘மேலாளர்’ என்று எழுதிக்கொண்டு போகிறவர் பல இடங்களில் தவறிவிடுவார். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளால் எழுதப்பட்டாலும், ‘பாஸ்’ என்பவை வெவ்வேறு வேரிலிருந்து பிறந்த இரண்டு சொற்கள் என்பதே முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி. ஒன்று, எஜமானைக் குறிக்கும் டச்சுச் சொல். இன்றைய நியூயார்க் பகுதி 1664 வரை டச்சுக்காரர் வசம் இருந்ததால், அது அமெரிக்க ஆங்கிலத்தில் எளிதாகக் கலந்தது. அடிமை முறையின் வாடை வீசிய ‘மாஸ்டர்’ என்ற சொல்லால் தம் முதலாளியை அழைக்க விரும்பாத கூலித் தொழிலாளருக்கும் அது வசதியாக இருந்தது. மற்றொன்று, வீக்கத்தையும் புடைப்பையும் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

ஆகவே, வாக்கியம் ஆளைப் பற்றியதா, பொருளைப் பற்றியதா என்று முதலில் பாருங்கள். இயந்திரக் கையேட்டில் ‘பாஸின் நடுவே 12 மில்லிமீட்டர் துளையிடுக’ என்ற பொருள்பட ஒரு வரி வந்தால், அங்கே மனிதர் எவரும் இல்லை. வார்ப்புப் பாகத்தின் தட்டையான பரப்பிலிருந்து சற்றே எழுந்து நிற்கும் வட்டத் திரட்சியே அது. போல்ட்டோ தண்டோ நுழையும் இடத்தில் உலோகம் மெலிந்து விரிசல் விடாதிருக்க அங்கே தடிமன் கூட்டி வார்க்கிறார்கள். அதற்குக் ‘குமிழ்’ என்பது நல்ல தமிழ். கேடயத்தின் நடுவில், பிடித்திருக்கும் கையைக் காக்கப் புடைத்து நிற்கும் உலோகப் பகுதிக்கும் அதே சொல் பொருந்தும். கப்பலின் உந்துவிசிறியில் இதழ்கள் வந்து சேரும் நடுப்பகுதியைச் சொன்னால், வண்டிச் சக்கரத்துக்கு நாம் வழங்கும் ‘குடம்’ என்பதையே எடுத்தாளலாம். ஐரோப்பியத் தேவாலயங்களின் வளைவுக் கூரையில் கல் விலாக்கள் சந்திக்கும் முடிச்சை மூடும் செதுக்குக் கல்லும் ‘பாஸ்’தான், இங்கிலாந்தின் நாரிச் பேராலயத்தில் இத்தகைய கற்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. ஆப்பிரிக்க எருமையின் இரு கொம்புகளும் நெற்றியில் ஒன்றுகூடிக் கவசம்போல் தடித்திருக்கும் பகுதிக்கும் இப்பெயரே.

ஆளைக் குறிக்கும் இடங்களில் வேறொரு கவனம் தேவை. கடைக்கோ தொழிற்சாலைக்கோ உரியவர் ‘முதலாளி’. அவரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு பிறரை வேலை வாங்குபவர் ‘மேலதிகாரி’. ஆங்கிலம் இருவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. தமிழில் இந்த வேறுபாட்டைத் தொலைத்தால் கதையின் உறவே மாறிப்போகும் என்பதால், பணம் யாருடையது என்று மூலத்தில் தேடிப் பார்த்த பிறகே எழுத வேண்டும். அரசியல் கட்டுரையில் அது பதவியைக் காட்டிலும் பிடியையே சுட்டும். 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் நகர அரசியலைக் கைக்குள் வைத்திருந்து, ஊழலுக்காக 1873இல் தண்டிக்கப்பட்ட வில்லியம் ட்வீடை அவ்வாறே அழைத்தார்கள். அங்கே ‘மேலாளர்’ என்பது சப்பென்றிருக்கும். விளையாட்டுச் செயலிகளில் ஒரு கட்டத்தின் முடிவில் வழிமறிக்கும் வலிய எதிரியும் ‘பாஸ்’ எனப்படுவதால், அங்கே மேலதிகாரியைக் கொண்டுவரக் கூடாது. வினையாக வந்தால் ‘நாட்டாமை செய்வது’ என்று தயங்காமல் எழுதலாம். அதன் பெயரடை வடிவமான ‘பாஸி’ என்பதைப் பெரும்பாலும் பெண்கள்மீதே வீசுகிறார்கள். அந்த வசையின் கூர்மையை மழுக்காமல் ‘அதிகாரம் பண்ணுகிறவள்’ என்றே பெயர்ப்பது நேர்மை.

இச்சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால் ஒரு சிக்கல் உண்டு. தேர்ச்சியைக் குறிப்பதும் நுழைவுச் சீட்டைக் குறிப்பதும் நமக்குப் ‘பாஸ்’தான், ஒலி வேறுபாடு எழுத்தில் தெரியாது. ‘பாஸ் கொடுத்தார்’ என்று எழுதினால் கொடுத்தவர் மேலதிகாரியா, கொடுக்கப்பட்டது சீட்டா என்று வாசகர் திகைப்பார். ‘எங்கள் பாஸ் கொடுத்தார்’ என்று ஒரு சொல்லைக் கூட்டினாலே மயக்கம் தீர்ந்துவிடும்.