பவர் உள்ள ரியர் வீல் கார், மழை, மலையக இறக்கம்: எப்படி ஓட்டுவது

பீஎம்டபிள்யூ, பென்ஸ், மார்க் எக்ஸ், எம்எக்ஸ் ஃபைவ் என்று பின்சக்கரம் தள்ளும் கார் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் நுவரெலியாவுக்குக் கிளம்பும்போது கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஏற்றத்தில் வீல் சும்மா சுற்றுமா? கொஞ்சம் சுற்றலாம், அதில் பெரிய ஆபத்து இல்லை. ஏறும்போது காரின் பாரம் பின்னுக்குச் சாய்கிறது, தள்ளுகிற சக்கரமும் பின்னால்தான் இருக்கிறது, அதனால் டயர் நன்றாக இருந்தால் ஈரத்திலும் இந்தக் கார்கள் ஒழுங்காக ஏறும். பயப்பட வேண்டியது இறங்கும்போது. பாரம் முன்னுக்கு வந்துவிடும், பின்பக்கம் இலேசாகிவிடும், அந்த இலேசான சக்கரங்களோடுதான் 200, 300 குதிரைவலு எஞ்சின் பிணைந்திருக்கிறது. இங்கே ஸ்னோ விழாது, ஆனால் ஸ்னோ விழும் நாடுகளில் இப்படிப்பட்ட கார் ஓட்டுகிறவர்கள் பழகிக்கொள்ளும் விஷயங்களில் முக்கால்வாசி இறம்பொடையிலும் கினிகத்தேனையிலும் மழை பெய்யும்போது நமக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் டயர். பட்டன் (டயரின் மேலுள்ள வெட்டுப் பள்ளம்) ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போய்விட்டால் மழையில் மலைக்கு வராதீர்கள், சட்டம் என்ன சொன்னாலும் சரி. பட்டன் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அப்புறம், ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார் என்றால் டயரில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருக்கிறதா, மலையும் ஸ்னோப் பூவும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டட்லெஸ் என்றால் அது அங்கே ஸ்னோவுக்கும் ஐஸுக்கும் போடுகிற மெதுமையான டயர். மலைக்குத்தானே, நல்லது என்று நினைக்க வேண்டாம், நம்முடைய சூட்டு மழையில் அதன் பிரேக் தூரம் சாதாரண டயரைவிட நீளும். இதற்கு நேர்மாறாக, ஸ்போர்ட்ஸ் காருக்கென்று விற்கும் வெயில்கால டயர் 7 பாகைக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாவில் புல்தரை வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் முதல் சில கிலோமீற்றர் மெதுவாகவே போங்கள்.

எங்கே வழுக்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கப் பழக வேண்டும். பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழையில், தூசியும் எண்ணெயும் சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கம், டேங்க் நிறைய டீசல் அடித்த பஸ்ஸும் லொறியும் திரும்பும்போது சிந்திவிட்டுப் போகும், ஈர ரோட்டில் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தால் அதுதான். தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டோடு சேரும் இடத்தில் தேயிலைக் கொழுந்து லொறியின் டயர் கொண்டுவந்த சேறு இருக்கும். வெயில் படாத மலையோர வளைவில் பாசி, பைனஸ் மரத்தடியில் ஊசி இலை.

இப்போது இறக்கம். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வரும்போது ஏறக்குறைய 1400 மீற்றர் கீழே இறங்கியிருப்போம். இவ்வளவையும் பிரேக்கிலேயே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காது, அதனால் சின்ன கியரில் இறங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் ரியர் வீல் காரில் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. கால் பிரேக் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும், சின்ன கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக் பின் இரண்டை மட்டுமே பிடிக்கும். வளைவுக்குள் போன பிறகு வேகம் கூடிவிட்டது என்று பயந்து மூன்றிலிருந்து இரண்டுக்குத் தட்டி கிளட்ச்சைப் படாரென்று விட்டால், பாரம் இல்லாத பின்சக்கரம் ஒரு கணம் ஏறக்குறைய நின்றே போகும், ஹேண்ட்பிரேக்கை இழுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈர ரோட்டில் கார் அந்த இடத்திலேயே பின்பக்கத்தை வீசும். ஏபிஎஸ், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத்தான் தடுக்கும், எஞ்சின் இழுப்பதை அல்ல.

அதனால் கியரை நேரான இடத்தில், இறக்கம் தொடங்கும் முன்பே குறையுங்கள். கிளட்ச் உள்ளே இருக்கும்போது எக்ஸலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, பிறகு கிளட்ச்சை மெல்ல விடுங்கள், கார் குலுங்காமல் கியர் உட்காரும். ஆட்டோ கியர் என்றால் டி-யில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள், மேனுவல் பக்கத்துக்குத் தள்ளி ஒவ்வொரு படியாகக் குறையுங்கள், வளைவின் நடுவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள கியர் பேடலைத் தொட வேண்டாம். ஸ்னோ என்று பட்டன் உள்ள காரிலும், கியர் லீவர் பக்கத்தில் டபிள்யூ என்று சுவிட்ச் உள்ள பழைய பென்ஸிலும் மழை நாளில் அதைப் போட்டுக்கொள்ளலாம். பல கார்களில் அது இரண்டாவது கியரிலேயே கிளப்பும், எக்ஸலேட்டரையும் மந்தமாக்கும், பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று ஏறும்போது நல்ல உதவி. இறக்கத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், அங்கே கியரை நீங்கள்தான் பிடித்து வைக்க வேண்டும். பிரேக் வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் நெளிந்துவிடும்.

ஏப்ரல் சீசனில் மஹகஸ்தொட்டையில் நடக்கும் ஏற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அது மூடிய ரோட்டில், ஏற்றத்தில் மட்டும் ஓடுகிற பந்தயம். அதைப் பார்த்த உற்சாகத்தில் அதே வேகத்தோடு நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் இறங்கும் பொடியன்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. 2023 ஜனவரியில் ஒரு பஸ் வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்த பாதை அது.

வளைவில் டயரின் பிடிப்பு நாட்சம்பளம் மாதிரி, எல்லாவற்றையும் பிரேக்குக்கே செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. பிரேக்கை நேரான இடத்திலேயே முடியுங்கள், பிறகு திருப்புங்கள், ஸ்டியரிங் நிமிர நிமிர எக்ஸலேட்டரைக் கொடுங்கள். டர்போ கார் என்றால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும், ஒன்றுமில்லாதது போல் இருந்து திடீரென்று பவர் வந்து குவியும், அது வரும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும். சக்கரம் சும்மா சுற்றாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைக்க வேண்டாம்.

அப்படியும் பின்பக்கம் நழுவினால் பாதாளத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய ரோட்டைப் பாருங்கள். கண் போகும் பக்கம் கை போகும். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ ஸ்டியரிங்கையும் அந்தப் பக்கமே திருப்புங்கள், எக்ஸலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், கியர் குறைத்ததால் நழுவியது என்றால் உடனே கிளட்ச்சை மிதியுங்கள். பிடிப்பு திரும்பியதும் ஸ்டியரிங்கைச் சட்டென்று நேராக்கிவிட வேண்டும், தாமதித்தால் கார் மறுபக்கம் வீசும். பல கார்கள் முதல் வீச்சில் அல்ல, இந்த இரண்டாவது வீச்சில்தான் கானுக்குள் போகின்றன.

தோட்டத்து ரோட்டில் ஏறிவரும் பஸ்ஸுக்கு நீங்கள்தான் இடம்விட வேண்டும், இங்கே ஏறும் வண்டிக்குத்தான் முதலிடம். ஒதுங்கும்போது ஒரு பின்சக்கரம் ஈரப் புல்லில் ஏறிவிட்டால் சாதாரண டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரத்துக்கும் பவரைப் பிரிக்கும் பெட்டி) உள்ள காரில் அந்தச் சக்கரம் மட்டும் சுற்றும், தாரில் நிற்கும் மற்றது சும்மா இருக்கும். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். லீவர் ஹேண்ட்பிரேக் உள்ள கார் என்றால் இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல எக்ஸலேட்டர் கொடுங்கள், சுற்றும் சக்கரம் தடைபட்டு மற்றதற்குப் பவர் போகும். பட்டன் ஹேண்ட்பிரேக்கில் இது நடக்காது, அங்கே சக்கரத்தின் கீழே போடும் சாக்கு அல்லது கல்லுச் சல்லிதான் வழி.

மூடுபனியில் ஹை பீம் வேண்டாம், வெள்ளைச் சுவராகத் திரும்பி அடிக்கும். டிம் லைட், ஃபொக் லைட், வளைவுக்கு முன் ஹோர்ன். கண்ணாடி உள்ளே வியர்த்தால் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்தே போடுங்கள்.

கிளம்பும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், சிவப்பு போட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். வழியில் மேட்டிலிருந்து சின்னக் கல் உருண்டு வந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறாக மாறினாலோ அந்த மேட்டின் கீழே நிறுத்தாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்பியுலன்ஸுக்கு 1990. அப்புறம், பல ஸ்போர்ட்ஸ் கார்களில் கயிறு மாட்டும் வளையம் தனியாகக் கழற்றித்தான் வைத்திருக்கும், டூல் பெட்டியில் அது இருக்கிறதா, பம்பரில் எந்த மூடியைத் திறந்து முறுக்க வேண்டும் என்று வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். மழையில், இருட்டில், கொழுந்து லொறிக்காரர் கயிற்றோடு காத்து நிற்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.