கறி போடாமல் ஐரிஷ் ஸ்டூ

டிசம்பர் மாத டப்ளினில் மாலை நான்கு மணி தாண்டியதும் இருட்டிவிடும். பனி கொட்டுவது அபூர்வம், ஆனால் மழை ஈரத்தோடு வரும் அந்தக் குளிர் எலும்பு வரை இறங்கும். அப்படிப்பட்ட நாளுக்கான சாப்பாடுதான் ஐரிஷ் ஸ்டூ. பழைய முறையில் ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், அவ்வளவுதான். கேரட் சேர்க்கலாமா கூடாதா என்று அங்கே இன்னமும் வாக்குவாதம் உண்டு. இவ்வளவு எளிமையான ஒன்றிலிருந்து கறியை எடுத்துவிட்டால் கிழங்கு வெந்த தண்ணீர்தான் மிஞ்சும் என்பதால், கறி செய்த வேலையை எதனிடம் கொடுப்பது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ருசிக்குக் காளான், கெட்டிக்கு உருளைக்கிழங்கு, மெல்லுவதற்குப் பார்லி அரிசி.

நாலு பேருக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் மூன்று, கேரட் மூன்று, 400 கிராம் பட்டன் காளான், 80 கிராம் பார்லி, 50 கிராம் வெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக் கிடைத்தால் ஒன்று. நீளவாக்கில் பிளந்து நன்றாக அலசுங்கள், மடிப்புக்குள் மண் இருக்கும். தைம் என்ற வாசனை இலை நாலைந்து கொத்து, பிரிஞ்சி இலை இரண்டு, கொத்தமல்லி மாதிரி இருக்கும் பார்ஸ்லி ஒரு கைப்பிடி.

காளானில்தான் பொறுமை வேண்டும். அடிகனமான பாத்திரத்தை நன்றாகச் சூடாக்கி, பாதி வெண்ணெயோடு கொஞ்சம் எண்ணெயும் விட்டு, பாதியாக நறுக்கிய காளானை இரண்டு மூன்று தடவையாகப் போட்டு வதக்குங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் அது விடுகிற தண்ணீரிலேயே வெந்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் முழுக்க வற்றி, ஓரமெல்லாம் நல்ல பழுப்பாகச் சிவந்த பிறகு உப்பு போட்டு எடுத்து வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், ருசி முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அதே பாத்திரத்தில் மீதி வெண்ணெயைப் போட்டு வெங்காயத்தையும் லீக்கையும் பத்து நிமிடம் வதக்குங்கள். கறுப்பு ஸ்டவுட் பீர் சேர்ப்பதானால் ஒரு கப், அதற்கு மேல் போனால் கசக்கும். ஊற்றி அடியைச் சுரண்டிவிட்டு பாதியாக வற்றவிடுங்கள். சைவர்கள் விசாரிக்கிற விஷயம் ஒன்று: கின்னஸ் என்ற ஐரிஷ் ஸ்டவுட் பீரைத் தெளியவைக்க முன்பு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தினார்கள், அதை நிறுத்தப்போவதாக 2015-இல் அறிவித்து, பிறகு நிறுத்தியும்விட்டார்கள். பீரே வேண்டாம் என்றால் தண்ணீர் விட்டு அடியைச் சுரண்டி, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ் சேர்த்தால் போதும்.

இப்போது உருளைக்கிழங்கில் மூன்றில் ஒரு பங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, கழுவிய பார்லி, தைம், பிரிஞ்சி இலையோடு போட்டு ஒன்றரை லிட்டர் வெந்நீர் விடுங்கள். மூடி வைத்து சிம்மில் 25 நிமிடம். வில்லைகள் கரைந்து குழம்பு தானாகவே கெட்டியாகும், மைதா கரைத்து ஊற்றும் வேலை இல்லை. வெந்தால் மாவாக உதிரும் கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். அயர்லாந்தில் ரூஸ்டர் என்ற சிவப்புத் தோல் கிழங்கு இதற்கு அருமையாக இருக்கும். அப்புறம் மீதிக் கிழங்கையும் கேரட்டையும் பெரிய துண்டுகளாகப் போட்டு இன்னும் 25 நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தில் காளான்.

மிளகாய்த்தூளோ மசாலாவோ கை தவறிக்கூடப் போட வேண்டாம். கை பரபரக்கும், தெரியும். ஆனால் இதில் இனிப்பாக வெந்த வெங்காயமும் தைம் வாசனையும்தான் முன்னால் நிற்க வேண்டும். உப்பு சரியாக இருந்து, இறக்கும்போது மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவினால் எதுவுமே குறைவாகத் தெரியாது. பார்ஸ்லியை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.

தொட்டுக்கொள்ள சோடா பிரெட். ஈஸ்ட் தேவையில்லை, சமையல் சோடாவும் புளித்த மோரும் சேர்ந்தே மாவை உப்ப வைக்கும். அங்கே கிடைக்கும் மோர் கெட்டியானது, ஆகவே நம் வீட்டு நீர்மோரை ஊற்றாமல் புளித்த தயிரை லேசாகக் கடைந்து சேருங்கள்.

மிஞ்சினால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். ராத்திரி முழுக்கப் பார்லி தண்ணீரை உறிஞ்சிக் கட்டியாகிவிடுவதால், சூடாக்கும்போது ஒரு கப் வெந்நீர் விட்டு, அடி பிடிக்காமல் கிளறி, உப்பை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.