நாய்க்குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் வீட்டில் பேசி முடியுங்கள்

குட்டி சொன்ன பேச்சே கேட்க மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் யார் யார் என்ன சொல்கிறீர்கள் என்றுதான். ஆச்சி ‘ஒக்காருலே’ என்பார், பேரன் ‘சிட்’ என்பான், அப்பா ‘ஏய்’ என்று ஒரு அதட்டல் போடுவார். மூன்றுக்கும் ஒரே அர்த்தம் என்று குட்டிக்கு எப்படித் தெரியும்?

முதல் வேலை: வீட்டுச் சட்டம்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) படுக்கலாமா, அடுக்களைக்குள் வரலாமா, கட்டிலில் ஏறலாமா, சோறு வைப்பது யார்? ‘எப்பவாவது வரட்டுமே’ என்ற பதில் மட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கறி வேகும்போது அடுக்களையில் ஒரு துண்டு கிடைத்துவிட்டால், மற்ற நாளெல்லாம் அது நிலைப்படியைத் தாண்டப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை விடாமல் பிடித்துவைக்கிறது.

அப்புறம் சொற்கள். உட்கார், இரு, வா, விடு. தொடக்கத்துக்கு இது போதும். ‘சிட்’தான் பிடிக்கும் என்றால் அதுவும் சரி, ஆனால் ஆச்சியும் அதையே சொல்ல வேண்டும்.

கூலி

அவித்த முட்டை, உப்பு போடாமல் வேகவைத்த கோழி ஈரல், இரண்டும் நல்லது. கடலைப்பருப்பு அளவுக்குக் கிள்ளினால் போதும். கருவாடு என்றால் நாய் உயிரை விடும், ஆனால் உப்பு அதிகம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. பக்கோடாவில் இருப்பதும் வெங்காயம்தான். விருந்தாட்கள் அல்வாவை நீட்டினால் கூச்சப்படாமல் தடுத்துவிடுங்கள்.

‘உட்கார்’ சொல்லிக்கொடுப்பது

வெயில் ஏறுமுன், குட்டி பசியோடு இருக்கும் நேரமாகப் பார்த்து, ஐந்து நிமிடம் போதும். முட்டைத் துண்டை விரலில் பிடித்து அதன் மூக்கருகில் காட்டுங்கள். பிறகு மெதுவாகத் தலைக்கு மேலே, பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப்போக இடுப்பு தானாகத் தாழும். கையை ரொம்ப உயர்த்தினால் எம்பிக் குதிக்கும். தலையை ஒட்டியே கொண்டுபோங்கள். பின்புறம் தரையைத் தொட்ட அந்த நொடியில் ‘சபாஷ்’ சொல்லித் துண்டைக் கொடுத்துவிடுங்கள். எழுந்த பிறகு கொடுத்தால், எழுந்ததற்குத்தான் கூலி என்று எடுத்துக்கொள்ளும். முதுகை அமுக்கி உட்காரவைக்காதீர்கள். கையசைவுக்கே சட்டென்று உட்காரத் தொடங்கிய பிறகு, அசைவுக்கு முன் ‘உட்கார்’ என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்.

இது படிந்ததும் எல்லாவற்றுக்கும் இதையே நுழைவுச்சீட்டு ஆக்குங்கள். தட்டு வைக்குமுன் உட்கார், கதவு திறக்குமுன் உட்கார்.

ஆள்மேல் தாவினால்

பால்காரர்மேல் தாவும்போது ‘ஏலே, இறங்குலே’ என்று கத்துவதும் கையால் தள்ளுவதும் அதற்கு விளையாட்டுதான். திரும்பி நின்றுகொள்ளுங்கள், பார்வை, பேச்சு, தொடுதல் எதுவும் கூடாது. நாலு காலும் தரையில் பட்டதும் கொஞ்சுங்கள். முதலில் தாவல் இன்னும் அதிகமாகும். பலர் அங்கேதான் மனம் இளகிக் கெடுத்துவிடுகிறார்கள்.

சும்மா இருக்கும்போதும் கவனியுங்கள்

நாம் நாயைக் கவனிப்பதே அது சேட்டை செய்யும்போதுதான். நீங்கள் காபி குடிக்கும்போது தார்சாவில் பேசாமல் படுத்திருக்கிறதா? சத்தமில்லாமல் ஒரு துண்டை அதன் முன்னங்கால்களுக்கு நடுவே போட்டுவிட்டுப் போங்கள்.

மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் வீண். ‘தப்பு பண்ணினது முகத்திலேயே தெரியுதே’ என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும், திட்டு வாங்கினால் அதே முகத்தைத்தான் காட்டியது. அது நம் கோபத்தைப் பார்த்து வருகிற முகம்.

நம் பக்கத்து நாய்கள்

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை இனங்கள். ஒரு முயலோ பூனையோ ஓடினால் உங்கள் ‘வா’ காதில் ஏறாது. சுவர் சூழ்ந்த இடம் தவிர வேறெங்கும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வந்துவிட்டது. அந்தப் பால்வெள்ளைக்காகத்தான் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். ஆனால் அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காமலும் போகும். முதுகுப் பக்கம் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, சொல்லுக்குப் பதில் கைச்சாடையில் பழக்குங்கள்.

ஊரில் கோயில் கொடைவிழா வந்தால்

மேளமும் வேட்டும் கேட்டுக் கட்டிலுக்கடியில் பதுங்கும் நாய் சொல்பேச்சு கேட்காததை அடங்காமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று பயிற்சி வேண்டாம். உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாகச் சுழலவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள். அதனால் அதன் பயம் அதிகமாகிவிடாது.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று தொட்டாலே உறுமினால் அது வலியாக இருக்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ கொண்டுபோய்க் காட்டிவிட்டு, பாடத்தை அப்புறம் தொடருங்கள்.